கரியராமனுக்கு எடுத்து வைத்த சாமை

தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் இருக்கிறது சித்தேரி மலை. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைக் கேட்டதும் கேரளாவா என்பார்கள். இல்லீங்க, மலையை ஆளுறவர் மலையாளி. பேசுவது நம்ம தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்கள் என்ற கதை சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் வழங்குகிறது. இவர்கள் கும்பிடும் பெருமாளுக்குக் கரியராமன் என்று பேர்.

புதுத் தானியத்தைச் சாமிக்குப் படைக்காமல் வாயில் வைக்கக்கூடாது என்பது மலை வழக்கம். நமக்கு இதில் ஒரு சேதி இருக்கு. படைக்க வேண்டியது சொந்தக் காட்டுச் சாமை, தினை, கேழ்வரகு. அதனால் விலை கிடைக்காத வருசத்திலும் ஒரு துண்டு நிலத்தில் சாமை விழுந்தது. அறுத்ததும் விதைக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். கொல்லிமலையில் மல்லியச்சாமை, திருகுலச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று இத்தனை ரகம் தங்கியது சும்மா இல்லை. சாங்கியத்துக்கெல்லாம் விஞ்ஞானம் தேடுகிற ஆள் நானில்லை. பயத்தாலோ பக்தியாலோ, விதை பிழைத்தது.

இப்போது மரவள்ளி ஏறிவிட்டது. ரேசன் அரிசியிலேயே பொங்கலும் வைத்துவிடலாம். மலைக்காரர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சாமையை உரலில் போட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது யார்? பெண்கள்தான். தோள் கழன்றுவிடும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறு அரவை எந்திரம் வைத்துக் கொடுத்தது இந்தப் பாட்டைப் பார்த்துத்தான். எந்திரம் இல்லாத ஊரில் 'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று பேசுவது எளிது. உலக்கை பிடிக்கிறவர் நாமில்லையே.

ரஷ்யாவில் உட்முர்த் என்றொரு உழவர் இனம். வசந்த உழவு முடிந்ததும் ஊரே கூடி, பெரிய கொப்பரையில் தானியமும் கறியும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, கும்பிட்டுக் குடிக்கிறார்கள். அங்கேயும் தானியம்தான் சாமிக்கு.

சாமை மானாவாரிக்கு ஏற்றது. விதைக்க ஏக்கருக்கு ஐந்து கிலோ போதும், பத்து சென்டுக்கு அரைக் கிலோ. மலைப்பக்கம் உறவோ பழக்கமோ இருந்தால் அங்கே ஒரு படி கைமாற்றாகக் கேளுங்கள். அறுத்ததும் இரண்டு படியாகத் திருப்பிக் கொடுங்கள்.