உங்களுக்குத் தெரியுமா? உடுப்புப் பெயர்கள் வந்த வழி

கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்டப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் அருகருகே வளர்கின்றன. அங்கு தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் வழங்கும் உடுப்புப் பெயர்கள் சிலவும், துணியோடு தொடர்புடைய வேறு சில சொற்களும்:

● படங்கு: கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. ஈரச் செடியும் குச்சியும் சேலையை நனைக்காமலும் கிழிக்காமலும் காக்கும். கூடாரத் துணிக்கும் இதே பெயர்தான்.

● கம்பளி: 'கம்பளம்' என்ற வடசொல்லின் உறவு. வெள்ளைக்காரத் துரைமார் இதை 'கம்ப்ளி' என்றே கணக்கில் எழுதினர். தொழிலாளருக்குக் கடனாகக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

● கொங்காணி: மழைக்குத் தலையையும் முதுகையும் மூடும்படி சாக்கையோ கம்பளியையோ மடித்துப் போட்டுக்கொள்வது.

● சாரம்: தமிழ்நாட்டில் கைலி, இலங்கையில் சாரம். 'சாரோங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.

● களிசான், சப்பாத்து, லேஞ்சி: காற்சட்டை, காலணி, கைக்குட்டை. மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505இல்.

● துணி, அறுவை: இரண்டுக்கும் வேர்ப்பொருள் வெட்டுவதுதான். நெய்ததை அறுத்து எடுப்பதால் வந்த பெயர்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவர் ஒரு துணி வியாபாரி.

● காலிகோ: இது நம் பக்கத்திலிருந்து வெளியே போன சொல். மலபார்க் கரையின் கோழிக்கோட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் அந்த ஊர்ப் பெயரையே வைத்தனர்.