மீட்பருக்கு ஒரு மகள் இருந்தால்

முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் நெசவாளிகளைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். வேங்கடத்தையும் தடவிப் பார்ப்பார்கள். மடியில் ஒன்றுமிருக்காது. பட்டு நூல் அவன் வாய்க்குள் இருக்கும்.

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ பார்த்தவர்களுக்கு அந்த மூடிய வாய் மறக்காது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம் என்ற பெயரை வாங்கியது. பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சுதந்திரத்தை ஒட்டிய காலத்துக் காஞ்சிபுரம்தான் களம். பிறந்த பெண்குழந்தையின் காதில், உன்னைப் பட்டுச்சேலையில்தான் கட்டிக்கொடுப்பேன் என்று ஊரார் முன்னால் வாக்குக் கொடுத்துவிடுகிறான் கூலி நெசவாளி வேங்கடம். ஊர் திகைத்துப்போகிறது. ஆயுசெல்லாம் பட்டு நெய்தாலும் ஒரு பட்டுச்சேலை வாங்கக் கூலி போதாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அதே வேங்கடம்தான் பிறகு பொதுவுடைமைக்காரர்களோடு சேர்ந்து, நெசவாளிகளைத் திரட்டி, முதலாளி முன்னால் நிற்கிறான். இங்கேதான் இந்தப் படம் வழக்கமான மீட்பர் கதையிலிருந்து விலகுகிறது.

பிறருக்காக அடிபட்டு, தன்னையே கொடுத்து, ஊரைக் கரையேற்றும் இயேசு சாயல் நாயகனை உலக சினிமா விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேற்றுக் கிரகத்துத் தகப்பன் பூமிக்கு அனுப்பிய சூப்பர்மேனும், செத்துப் பிழைக்கும் ‘மேட்ரிக்ஸ்’ நியோவும் அந்த வரிசைதான். நமக்கும் இது புதிதல்ல. கழுமரம் ஏறிய காத்தவராயன் நம்மிடம் காவல் தெய்வம். கதைப்பாடலில் அவனுக்குத் தாய் காமாட்சி. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனாக 1956இல் எம்.ஜி.ஆர். நடித்தார். இயேசு வேடத்தில் அவர் நிற்கும் படம் காலண்டர்களில்கூட வந்தது.

இவர்களில் இயேசுவுக்கு ஆக நெருக்கமானவர் என்று நான் சொல்வது 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ நல்லசிவத்தைத்தான். கடவுளை நம்பாத தோழர். விபத்தில் முகம் சிதைந்து, கன்னியாஸ்திரிகளின் பராமரிப்பில் எழுந்து வருகிறார். காதலித்த பெண்ணுக்கு வேறொருவனோடு கல்யாணம். அவளுடைய அப்பாவிடம் தொழிலாளிகளின் கூலி உயர்வுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விலகிவிடுகிறார். கொல்ல அனுப்பப்பட்ட ஆளே மனம் மாறுகிறான். கமல் எழுதிய சுவிசேஷம் என்று கிண்டலாகவும் சொல்லலாம், மரியாதையாகவும் சொல்லலாம்.

ஆனால் கவனித்துப் பாருங்கள், நல்லசிவத்துக்குக் குடும்பம் இல்லை. சிலுவை சுமக்க அவருக்குத் தோள் காலியாக இருக்கிறது. வேங்கடத்துக்கு அப்படியில்லை. வேலைநிறுத்தம் நடக்கிற நேரத்தில் மகள் தாமரையின் கல்யாணம் நெருங்குகிறது. கூடத்துக்கு வேலைக்குப் போனால்தான் நூல் திருட முடியும். நூல் வந்தால்தான் சேலை முடியும். தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்துவைக்கப் பார்க்கிறான். இந்தக் கதையில் யூதாஸ் வெளியிலிருந்து வரவில்லை. காட்டிக்கொடுக்கிற கூலி முப்பது வெள்ளிக்காசும் இல்லை, ஒரு வாய் நூல்.

நெசவை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும். உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடவேண்டும். தறியில் உட்காருபவர் போதாது. பக்கத்தில் ஒரு துணையாள் இருந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பித் தரவேண்டும். பல வீடுகளில் முன்பு அது பிள்ளைகளின் வேலை. காஞ்சிப் பட்டு அடிப்படையில் இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். வேங்கடமோ ராத்திரியில், யாருக்கும் தெரியாமல், ஒற்றையாளாக நெய்கிறான். கோர்வை போட்டிருக்க முடியுமா என்று தறிக்காரர்கள் கேட்கலாம். இருக்கட்டும், சினிமாதானே. எனக்கென்னவோ அந்தத் தனிமையிலேயே அவன் தோல்வி எழுதப்பட்டுவிட்டதாகப் படுகிறது.

யோவான் சுவிசேஷத்தில் சிலுவைக்குக் கீழே ஒரு துணி உண்டு: தையலே இல்லாமல் மேலிருந்து ஒரே நெய்தலாக நெய்த அங்கி. கிழிக்க மனமின்றிப் படைவீரர்கள் சீட்டுப் போடுகிறார்கள். வேங்கடத்தின் சேலை அப்படி முழுமையாகவில்லை. வாயிலிருந்த நூல் எல்லார் முன்னாலும் வெளிப்பட்டு அவன் சிறைக்குப் போகிறான். கிணற்றில் விழுந்து முடங்கிய மகளுக்குத் தன் கையாலேயே விஷம் வைக்கிறான். அரைகுறைச் சேலையைப் போர்த்தினால் முகத்தை மூடும்போது கால் தெரிகிறது, காலை மூடினால் முகம். இதில் மீட்பும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதையை எழுதியவரும் காஞ்சிக்காரர்தான். 1949இல் வந்த ‘வேலைக்காரி’யில் அண்ணாவின் நாயகன் ஆனந்தன், காளி கைகொடுக்கவில்லை என்று அவளையே திட்டித் தீர்த்துவிட்டு, நண்பன் மணியின் யோசனையைக் கேட்டு வேறொருவன் பெயரில் புறப்படுகிறான். யாரும் பலியாகி ஊரை மீட்கவேண்டாம், கத்தியைவிடப் புத்தி போதும் என்பது அண்ணாவின் கட்சி. ஆனந்தனுக்குத் துணையாக ஒருவன் இருந்தான் என்பதும் முக்கியம்.

நிஜக் காஞ்சிபுரத்தில் கூலி நெசவாளிக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானவை பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள். குறைகள் உண்டு, புகார்களும் உண்டு. உறுப்பினர் பதிவேடு, கூலிப் பட்டியல், ரிபேட் விற்பனை என்று ஓடும் இந்த ஏற்பாட்டை எந்த இயக்குநரும் நாயகனாக்கப் போவதில்லை. பாட்டு வைக்க இடமில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் மீட்பரைத் தேடும் பழக்கத்தை விடவில்லை. ஒரு சங்கத்துக்கு அறிஞர் அண்ணா பெயர், இன்னொன்றுக்குக் காமாட்சி அம்மன் பெயர், மற்றொன்றுக்கு முருகன்.