தண்ணீரில் காரீயம்: தங்கம் காட்டிக்கொடுக்குமா?

மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் செந்நிறக் கோட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான பட்டைகளில் அந்தச் சிவப்பு சாயமல்ல, தங்கம். நானோ அளவுக்கு நுணுகிய தங்கத் துகள்கள் மஞ்சளாக மின்னுவதில்லை. தண்ணீரில் மிதக்கும்போது மாதுளைச் சாறுபோல் சிவந்து தெரிகின்றன. இந்தச் சிவப்பை வைத்தே குடிதண்ணீரில் கலந்த காரீயம், பாதரசம் போன்ற கன உலோகங்களைக் கண்டுபிடிக்க முடியும்.

பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயத்தைப் பற்றி. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது இதுதான். தண்ணீரில் கரைந்த காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவை தெரியாது. இந்தியத் தர அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டி முழுவதற்கும் 10 மில்லிகிராம். ஏறக்குறைய அரை அரிசியின் எடை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்றொரு நகரம். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில், டெட்ராய்டிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஆற்று நீரைக் குழாய்களில் விட்டார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து காரீயம் கசிந்தது. மக்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் முறையிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பழுப்பு பெரும்பாலும் இரும்புத் துரு. உண்மையான நஞ்சு பாட்டிலில் தெரியவே இல்லை. 2015 பிப்ரவரியில் ஒரு வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 104 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அதற்குள் பத்து மாதம் போய்விட்டது. அந்தப் பத்து மாதமும் அதைக் குடித்தவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

தங்கத் துகள்களைச் செய்வது பார்க்க அழகான வேலை. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே செந்நிறத் தங்கக் கரைசலை ஆராய்ந்தார். இன்று ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குவது துர்கெவிச் குழுவினர் 1951-ல் வெளியிட்ட முறை. தங்க உப்பின் வெளிர்மஞ்சள் கரைசலைக் கொதிக்கவிட்டு, அதில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றுகிறார்கள். மஞ்சள் மறைந்து கரைசல் நிறமற்றதாகிறது. பிறகு மை கலந்ததுபோல் கறுக்கிறது. சில நிமிடங்களில் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு எழுந்து வருகிறது. வழக்கமான செய்முறையில் ஒரு சவரன் தங்கத்திலிருந்து சுமார் 40 லிட்டர் கரைசல் கிடைக்கும். ஒரு சோதனைக்கு ஒரு மில்லிலிட்டர் போதும் என்பதால், தங்கத்தின் விலை இதில் பெரிய தடையல்ல.

துகள் ஒவ்வொன்றும் சுமார் 13 நானோமீட்டர். ஒளி படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஊசலாடி, பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. அதனால் நம் கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் இந்த ஊசலாட்டங்கள் பிணைந்து, விழுங்கும் ஒளியும் மாறிவிடும், சிவப்பு நீலமாகும். சிட்ரேட்டின் எதிர்மின்சுமைதான் துகள்களை விலக்கி வைத்திருக்கிறது. ஆக, குறிப்பிட்ட ஓர் உலோக அயனி வந்தால் மட்டும் துகள்கள் கூடவோ பிரியவோ செய்துவிட்டால், நிறமே பதில் சொல்லிவிடும்.

காரீயத்துக்கு இதைச் செய்து காட்டியவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜுவென் லியுவும் யி லுவும். 2003-ல் வெளியான ஆய்வு அது. துகள்களை டி.என்.ஏ. இழைகளால் கோத்தார்கள். அந்தக் கோர்வையில் கத்தரிபோல் வேலை செய்யும் ஒரு டி.என்.ஏ.வையும் வைத்தார்கள். காரீய அயனி கிடைத்தால்தான் அந்தக் கத்தரி வெட்டும். காரீயம் இல்லையென்றால் இழை அறாது, துகள்கள் கூட்டமாகவே நிற்கும், கரைசல் நீலம். காரீயம் இருந்தால் இழை அறும், துகள்கள் தனித்தனியே நிற்கும், கரைசல் சிவப்பு. வெட்டாத கத்தரிகளையும் கலந்துவிட்டால், எந்த அளவில் நிறம் மாற வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். காரீயம் மிகுந்த பெயின்ட்டைச் சோதிக்க இது உதவும். பாதரசத்துக்கும் இதுபோல் வழியுண்டு: டி.என்.ஏ.வின் கூறுகளில் ஒன்றான தைமின் இரண்டுக்கு நடுவே பாதரச அயனி புகுந்து அவற்றைப் பூட்டிவிடும்.

ஆனால் ‘நிறம் மாறவில்லை, ஆகவே தண்ணீர் சுத்தம்’ என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அந்த 2003 முறை காணக்கூடிய குறைந்த அளவு லிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராம். ஃபிளிண்ட் வீட்டின் 104 இந்த எல்லைக்குள் வந்துவிடும். 15 இருந்தால் வராது. கரைசல் நீலமாகவே நிற்கும், தண்ணீரோ வரம்பைத் தாண்டியிருக்கும். எனவே புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது என்று படித்தால், முதலில் தேட வேண்டியது இந்தக் கீழெல்லை எண்ணைத்தான்.

அடுத்த சிக்கல் உப்பு. சிட்ரேட் மட்டும் பூசிய துகள்களில் சமையல் உப்புக் கரைசலைத் தேவையான அளவு விட்டால் போதும், எந்த நஞ்சும் இல்லாமலே சிவப்பு நீலமாகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் அருமையாக வேலை செய்த சோதனை, கடலோர ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பொய் சொல்லக்கூடும். டி.என்.ஏ. போன்ற உறைகள் துகளை இந்தத் தொல்லையிலிருந்து பெருமளவு காக்கின்றன.

காரீயம் எப்போதும் அயனியாகவே வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பழைய குழாயின் உட்புறப் படிவு உதிர்ந்து, நுண்ணிய தூளாகவும் வரும். கத்தரிக்கு அது தெரியாது. மாதிரியில் அமிலம் சேர்த்து அந்தத் தூளைக் கரைக்க வேண்டும். பிறகு, தங்கத்தில் விடும் முன், அமிலத்தைச் சமன்செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஒரு சாதாரண வீட்டுச் சமையலறையில் தவறில்லாமல் செய்யும்படி எளிதாக்குவதுதான் இன்னும் பாக்கி இருக்கும் கடினமான வேலை.