பெருங்குடற் புண் நோய்: சத்திரசிகிச்சை யாருக்குத் தேவைப்படலாம்?

வயிற்றால் இரத்தமும் சீதமும் போனால் அதனை வயிற்றுளைவு என்றே நாம் கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியே. கிருமியினால் வரும் வயிற்றுளைவு தகுந்த மருந்துடன் சில நாட்களில் மாறிவிடும். ஆனால் வாரக்கணக்கில் மாறாமல் நின்றாலோ, மாறி மாறித் திரும்ப வந்தாலோ அது பெருங்குடற் புண் நோயாக இருக்கலாம்.

இந்நோயில் பெருங்குடலின் உட்படை வீங்கிப் புண்ணாகிறது. மலவாசலுக்கு மேலேயுள்ள நேர்குடலில் தொடங்கி, இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். இது தொற்றுநோய் அன்று. இதை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. எனினும் பெரும்பாலானோர் மருந்தினால் நோயை அடக்கிவைத்து, தோட்ட வேலையும் செய்து வாழ்கின்றனர். ஒரு சிறு பகுதியினருக்கே பெருங்குடலை அகற்ற நேரிடுகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. பெருங்குடல் முழுவதும் அல்லது பெரும்பகுதி புண்ணானவர்கள்.
2. 40 வயதுக்கு முன்னரே நோய் கண்டவர்கள்.
3. இந்நோய்க்காக வைத்தியசாலையில் தங்க நேர்ந்தவர்கள், ஸ்டீரொயிட் மருந்து அடிக்கடி தேவைப்படுபவர்கள்.
4. கமராக் குழாய்ப் பரிசோதனையில் ஆழமான புண்கள் காணப்படுபவர்கள்.
5. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு கூடியும் இருப்பவர்கள்.

இவற்றுள் ஒன்று இருப்பதால் சத்திரசிகிச்சை நிச்சயம் என்பதல்ல. கூடிய கவனம் வேண்டும் என்பதே பொருள்.

கடுந்தாக்கத்தை அறிவது எப்படி?

1955இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகர வைத்தியர்களான ட்றூலவ், விற்ஸ் ஆகியோர் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நாளொன்றுக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்துடன் மலம் போவதோடு, நாடித்துடிப்பு 90க்கு மேல், காய்ச்சல் 37.8 பாகை செல்சியசுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் அது கடுந்தாக்கம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அங்கு நாளம் வழியாக ஸ்டீரொயிட் ஏற்றப்படும். மூன்றாம் நாள் முக்கியமானது. அன்றும் 8 தடவைக்கு மேல் மலம் போனால், அல்லது 3 முதல் 8 தடவை போவதுடன் சி.ஆர்.பி. 45க்கு மேல் இருந்தால், அவர்களுள் 100க்கு 85 பேருக்கு அம்முறையே சத்திரசிகிச்சை தேவைப்பட்டது என 1996இல் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் எழுதினர். இன்று அந்நிலையில் சைக்குளோஸ்போரின், இன்ஃபிளிக்சிமாப் போன்ற மருந்துகளால் பலரின் குடல் காப்பாற்றப்படுகிறது. அவையும் பலிக்காதவிடத்து நாள் கடத்துவதே பெரும் ஆபத்து. குடல் 6 சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்து, மெலிந்து, ஓட்டை விழக்கூடும்.

சத்திரசிகிச்சை என்றதும் நாம் அஞ்சுவது இயல்பு. பெருங்குடலை எடுத்தபின் சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துவாரமாக வைத்து, அதன்மேல் பையொன்று ஒட்டுவர். பின்னர் சிறுகுடலிலேயே உட்பை அமைத்து வழமைபோல் மலங்கழிக்கச் செய்யும் முறையும் பலருக்குப் பொருந்தும். காலம் தாழ்த்தாமல் செய்துகொண்டவர் தேறி, மீண்டும் வேலைக்குச் செல்லலாம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

- சுகம் வந்துவிட்டது என்று குளிசைகளை நிறுத்தவேண்டாம். ஸ்டீரொயிட் மருந்தை ஒருபோதும் திடீரென நிறுத்தக்கூடாது.
- வைத்தியரைக் கேளாமல் ஐபுபுறோபன், டைக்குளோபினக் போன்ற நோக் குளிசைகளையும், இரத்தம் போகும்போது வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசைகளையும் எடுக்கவேண்டாம்.
- ஒருவருக்குத் தந்த ஸ்டீரொயிட்டை இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டாம். அமீபா வயிற்றுளைவு உள்ளவரை அது சாவின் விளிம்புக்கே கொண்டுபோகலாம்.
- நோய் தொடங்கி 8 ஆண்டுகளானவர்கள் கமராக் குழாய்ப் பரிசோதனை செய்யவேண்டும். பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாகும்.
- இடம் மாறிச் செல்லும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துச் சிட்டையையும் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோம். புதிய இடத்து வைத்தியருக்கு நோயின் முழு வரலாற்றையும் சொல்வது அந்தக் கொப்பிதான். அது கையில் இருந்தால் தக்க சிகிச்சை தாமதமின்றித் தொடங்கும்.