நிறை தவறினால் மருந்தும் தவறும்

கடைக்காரர் அரிசியைச் சற்றுக் குறைத்து நிறுத்தாலும் உடனே கேள்வி கேட்பவர்கள் நாம். ஆனால் மருத்துவமனைத் தராசில் நம் பிள்ளையை ஏற்றும்போது மட்டும் வாய்திறப்பதில்லை. அங்கு நேரும் பிழை காசோடு போய்விடுவதன்று, உயிரோடு தொடர்புடையது.

குழந்தைகளுக்குரிய பல மருந்துகளும் புற்றுநோய் மருந்துகளும் நோயாளியின் நிறையைக் கொண்டே அளவிடப்படுகின்றன. 22 இறாத்தல் நிறையுள்ள குழந்தை ஏறத்தாழ 10 கிலோதான். அந்த 22ஐக் கிலோவென எழுதிவிட்டால், மருந்து இரு மடங்கையும் தாண்டிவிடும்.

இதனாலேயே பிரித்தானியாவில் நோயாளரை நிறுக்கும் தராசுகளும் கடைத் தராசுகளைப் போன்று சட்டத்துக்கு உட்பட்டவை. சிகிச்சைக்கெனப் பயன்படும் தராசு மூன்றாம் வகுப்புத் துல்லியம் உடையதாக இருத்தல் வேண்டும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் நிறுவை அளவைப் பரிசோதகர்கள் மருத்துவமனைகளுக்குச் சென்று, நிறை உறுதிசெய்யப்பட்ட படிக்கற்களை வைத்துத் தராசுகளைச் சோதித்தனர். பிழையாக நிறுத்தவையும், வீட்டுக் குளியலறைக்கென விற்கப்படுபவையும், கிலோவிலிருந்து இறாத்தலுக்கு மாறக்கூடியவையும் நோயாளருக்குப் பயன்படுத்தப்பட்டமை அப்போது வெளிப்பட்டது. தராசுகள் கிலோவில் மட்டுமே காட்டுமாறு அமைக்கப்படவேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது.

பெற்றோர் செய்யவேண்டியது சிறிதே. பிள்ளையின் சப்பாத்தையும் தடித்த மேலாடையையும் களையுங்கள். ஏற்றுமுன் தராசு பூச்சியத்தைக் காட்டுகிறதா எனப் பாருங்கள். காட்டிய எண் கிலோவா என்று தாதியிடம் கேளுங்கள். அதனைக் குறித்துவைத்து, அடுத்தமுறை ஒப்பிடுங்கள்.

வகுப்பறையில் கேள்வி கேட்ட பிள்ளையை நான் ஒருபோதும் மரியாதையற்றவன் என்று எண்ணியதில்லை. நல்ல தாதியும் அவ்வாறு எண்ணமாட்டார்.