பவர் வீடர் ஸ்டார்ட் ஆகலையா? முதலில் கார்புரேட்டரைப் பாருங்க

புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளத்துக்கு ஐப்பசியில் களை எடுத்தே ஆகணும். முதல் 30, 40 நாளில் களையை விட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் போன மகசூல் போனதுதான். கன்னிவாடி மலையடிவாரத்தில், காலைக் குளிரில், கோடையிலிருந்து ஷெட்டில் கிடந்த பவர் வீடரை வெளியே தள்ளிக் கயிறை இழுக்கிறீர்கள். இருபது இழுப்புக்குத் தோள்பட்டை வலிக்கிறது. இன்ஜின் சத்தமே இல்லை. உடனே ஆட்டோவில் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டு போக வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கார்புரேட்டரில் தேங்கிய பழைய பெட்ரோல்தான்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் சோக்கை மூடி, காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறோம். ஓடிச் சூடானதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். கடலில் படகுக்கு மாட்டும் சிறிய அவுட்போர்டு மோட்டாருக்கும் இதே கதைதான்.

சுவிட்ச் 'ஆன்'ல இருக்கா, பெட்ரோல் டேப் திறந்திருக்கா, ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். சில இன்ஜின்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியே வராது; இதைக் கவனிக்காமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். பிறகு சோக் போட்டு ஐந்தாறு முறை இழுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடிவிட்டது: பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுசாக வைத்து இழுங்கள். காய்ந்து இருந்தால் பெட்ரோலே வரவில்லை.

அப்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சற்று நேரத்தில் அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி, ஊசிமுனை அளவே இருக்கும் ஜெட் துளையையும் அடைத்துவிடும். சோக் போட்டால் ஓடுது, எடுத்தால் நிக்குது என்றால் அந்த அடைப்புதான்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் சரியாகவில்லையா? கிண்ணத்தைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, ஜெட்டைக் காற்றால் ஊதுங்கள். குண்டூசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்துவிடும். கழற்றும் முன் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் டியூப்பையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அருமை தெரியும். ஒன்று மட்டும் கண்டிப்பு: வேலை திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இல்லாமல். வடித்த பெட்ரோலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பாங்க.

இதற்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதுவரை களை காத்திருக்காது. உழவன் செயலியில் வேளாண் இயந்திர வாடகை மையங்களைத் தேடி, அருகில் பவர் வீடர் கிடைக்குமா என்று பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மாவட்ட அளவில் நடத்தும் இயந்திரப் பராமரிப்பு முகாம் எப்போது என்றும் துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பட்டம் முடிந்து வீடரை மூடி வைக்கும் அன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் டேப்பை அடைத்து, தானாக நிற்கும்வரை விடுங்கள். டேங்கில் உள்ளதை வடித்து பைக்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருப்பதையும் அடிப் போல்ட் வழியாக இறக்கிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.