அரசர் தலை நீங்கிய காசு

தாம்பரத்துப் பழைய வீடொன்றின் பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டின்னை அண்மையில் கொட்டிப் பார்த்தோம். கிரீடம் பொறித்த ஓட்டைக் காலணா, ஒரு புறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் மறுபுறம் புலியும் உள்ள 1947ஆம் ஆண்டு ரூபாய், குதிரை ஓடும் 1950ஆம் ஆண்டுக் காலணா, பொடிப்பொடியாய்ச் சில நயா பைசாக்கள். ஒரு நாட்டின் பத்தாண்டு வரலாறு அந்த டின்னுக்குள் அடங்கியிருந்தது.

1947இல் விடுதலை வந்தது. ஆனால் நம் மடியிலிருந்த காசில் அந்நிய மன்னர் தலையே நீடித்தது. கொடியை ஒரே இரவில் மாற்றிவிடலாம். காசை அவ்வாறு மாற்ற இயலாது. உருவம் தீட்டி, அச்சு வெட்டி, முதலில் சில மாதிரிக் காசுகளை மட்டும் அடித்துப் பார்ப்பர். எடை சரியா, விளிம்பு தேயுமா, கண் மங்கியவரும் தடவி அறிவாரா என்றெல்லாம் சோதித்த பின்னரே நாணயசாலை முழுமூச்சாய் இயங்கும்.

நோட்டிலும் இத்தகைய தயக்கம் இருந்தது. மன்னர் உருவத்துக்குப் பதிலாகக் காந்தியடிகளின் உருவத்தை இடலாம் என்றே முதலில் கருதினர், மாதிரிகளும் வரையப்பெற்றன. முடிவில் சாரநாத்துச் சிங்கத் தூணே தெரிவாயிற்று. 1949இல் வெளிவந்த ஒரு ரூபாய் நோட்டில் அதனைக் கண்டோம். காசுகளுக்கு அச்சிங்கம் 1950 ஆகஸ்டு 15இல்தான் வந்து சேர்ந்தது.

உண்மையான சோதனை அதன் பின்னரே. 1955இல் இயற்றிய சட்டப்படி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றாயிற்று. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா. அணா ஒன்று ஆறேகால் நயா பைசா; அந்தக் காலை யார் கையில் கொடுப்பது? ஆகவே ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25 என்று பட்டியல் போட்டனர். காலணாவுக்கோ 2 நயா பைசா. நாலு காலணாப் பொருள்களைத் தனித்தனியே வாங்கினால் எட்டு, சேர்த்து வாங்கினால் ஆறு! ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கும் ஏழைக்கு இது சிறு நட்டமன்று.

பழைய காசும் புதுக்காசும் சில காலம் உடன் புழங்கியதால் குழப்பம் இரட்டித்தது. இரண்டணா சதுரம், ஐந்து நயா பைசாவும் சதுரம்! கடற்கரை–தாம்பரம் மின்ரயிலுக்கு 1931 முதல் அணாவில் சீட்டு வாங்கிப் பழகிய தலைமுறை, சில்லறையைக் கையில் பரப்பி இருமுறை எண்ண நேர்ந்தது. புதுக்காசில் இந்தி எழுத்தில் ‘ரூபாயின் நூறில் ஒரு பங்கு’ என்று பொறித்திருந்தார்கள். நம்மூரில் அதை வாசித்தவர் எத்தனை பேரோ!

1964இல் ‘நயா’ என்னும் அடைமொழி உதிர்ந்தது. நம் பேச்சில் அணா மட்டும் உதிரவில்லை. இருபத்தைந்து காசு நாலணாவாகவும் ஐம்பது காசு எட்டணாவாகவுமே வாழ்ந்தன. நாலணா 2011 ஜூன் 30உடன் செல்லாக்காசாயிற்று. எட்டணா சட்டப்படி இன்றும் செல்லும். கடைக்காரர் வாங்குவாரா என்பது வேறு. டின்னை மூடிப் பரணிலேயே வைத்துவிட்டோம்.